கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பு: தாராவியில் யாருக்கு, எந்தப் பயிற்சி?

தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப்ஹில், மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளில் வேலை செய்கிற ஓர் அறக்கட்டளை கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பில் இறங்க நினைத்தால், முதலில் எழும் யோசனை ‘பயிற்சி முகாம் நடத்துவோம்’ என்பதுதான். பணம் தருபவர்களுக்கும் அது பிடிக்கும். இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டிவிடலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தச் சான்றிதழ் வாங்கியவர்களில் எத்தனை பேர் கருப்பைவாயைப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் கருவியைக் கையில் எடுக்கிறார்கள் என்று பார்த்தால்தான் செலவழித்த பணம் எங்கே போனது என்பது தெரியும்.

தேர்ந்தெடுக்க நான்கு வழிகள் உண்டு. ஒன்று, இரண்டு நாள் முகாம். இரண்டு, சில நர்ஸ்களை மட்டும் இரண்டு வாரம் ஒரு மருத்துவமனையில் உட்காரவைத்துக் கைப்பயிற்சி தருவது. மூன்று, பாடத்தை இணையத்தில் நடத்தி, கைப்பயிற்சியைச் சில நாளில் முடித்து, பிறகு மாதக்கணக்கில் தொடர் வழிகாட்டல் தருவது. நான்கு, பரிசோதனை முறையையே மாற்றுவது: பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துத் தர, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸ் உண்டா என்று கூடத்தில் பார்க்கும் பரிசோதனைக்கு, வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களான ஆரோக்கிய சேவிகாக்களைப் பழக்கி, நர்ஸ் பயிற்சியை இரண்டு மூன்று பேரோடு நிறுத்திக்கொள்வது. பரிசோதனைக்கூட வசதி கிடைக்குமானால் நான்காவதுதான் சரியான வழி. கிடைக்காவிட்டால் மூன்றாவது. முதல் வழிக்குப் பணம் போடவே வேண்டாம். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

இதில் தாமதிக்க நேரமில்லை என்பதற்கு இரண்டு எண்கள் போதும். 2022-க்கான உலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் இந்தப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் சுமார் 1,27,000 பேர்; இறந்தவர்கள் ஏறக்குறைய 80,000 பேர். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது இதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் 2 சதவீதம்கூட இல்லை. 35 வயதுக்குள் ஒரு முறை, 45 வயதுக்குள் மீண்டும் ஒரு முறை என 70 சதவீதப் பெண்களுக்காவது 2030-க்குள் பரிசோதனை நடந்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு.

டாக்டர் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு மும்பையே பதில் சொல்லியிருக்கிறது. டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் இந்த நகரத்தின் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய ஆய்வில் 35 முதல் 64 வயது வரையிலான ஒன்றரை லட்சம் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வீதம் நான்கு சுற்று அசிட்டிக் அமிலப் பரிசோதனை, அதாவது கருப்பைவாயில் அமிலத்தை வைத்து, வெள்ளையாக மாறும் திட்டு உண்டா என்று கண்ணால் பார்க்கும் வி.ஐ.ஏ., நடந்தது. செய்தவர்கள் பத்தாம் வகுப்பாவது படித்த உள்ளூர்ப் பெண்கள். அவர்களுக்குத் தரப்பட்டது நான்கு வாரப் பயிற்சி. அந்தப் பாதியில் இந்நோயால் ஏற்படும் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் நர்ஸ்கள் ஒரே ஒரு முறை வி.ஐ.ஏ. செய்து, கண்டவர்களுக்குச் சிகிச்சையும் தந்த ஆய்வில் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. அது 2007-ல் வெளியானது.

ஆனால் 2009-ல் வெளிவந்த உஸ்மானாபாத் ஆய்வு வேறு கதை சொன்னது. இன்று தாராசிவ் என்று பெயர் மாறியுள்ள அந்த மாவட்டத்தில் ஒரே ஒரு முறை எச்.பி.வி. பரிசோதனை செய்த குழுவில் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே ஆய்வில் ஒரே முறை வி.ஐ.ஏ. செய்த குழுவிலும், செல்களைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பேப் ஸ்மியர் செய்த குழுவிலும் சொல்லத்தக்க குறைவு தெரியவில்லை. பயிற்சிக்குத் திட்டமிடுகிறவர்கள் இந்த மூன்று ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வி.ஐ.ஏ.வின் பலன் பார்ப்பவரின் கண்ணையும் கையையும் நம்பியிருக்கிறது. இடத்துக்கு இடம் ஏறி இறங்கும். எச்.பி.வி. பரிசோதனையின் பலன் இயந்திரத்தையும், முடிவு வந்த பின் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடிப்பதையும் நம்பியிருக்கிறது. இரண்டுக்கும் பயிற்சி தேவைதான், ஆனால் தேவைப்படும் பயிற்சி வேறு.

இரண்டு நாள் முகாம் ஏன் உதவாது

கணக்கைப் போட்டுப் பாருங்கள். முப்பது வயதைக் கடந்த 100 பெண்களுக்கு வி.ஐ.ஏ. செய்தால் சுமார் 10 பேருக்கு ‘பாசிடிவ்’ வரும் என்று வைத்துக்கொள்வோம். உஸ்மானாபாத்தில் இது 14 ஆக இருந்தது. முகாமில் பயிற்சி பெற வருபவர்கள் 20 பேர். முதல் நாளும் இரண்டாம் நாள் காலையும் பாடம். மதியம் 40 பெண்கள் வருகிறார்கள். பயிற்சி பெறும் ஒருவர் இரண்டே முறை ஸ்பெகுலம் வைக்கிறார். நாற்பது பேரில் பாசிடிவ் நான்கு பேர். அந்த நால்வரையும் இருபது பேரும் எட்டிப் பார்க்க முடியாது. பார்க்க வைப்பது முறையும் ஆகாது. ஆகவே பெரும்பாலோர் ஒரு உண்மையான வெள்ளைத் திட்டைக்கூட நேரில் காணாமலே ‘பயிற்சி பெற்றவர்’ ஆகிவிடுகிறார்கள்.

பிறகு நடப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதல் மாதம் கண்ணில் படும் வெள்ளை எல்லாமே பாசிடிவ் ஆகிவிடும். மேல் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட பெண்கள் அரைநாள் கூலியை இழந்து, வரிசையில் நின்று, ‘ஒன்றுமில்லை’ என்று திரும்புகிறார்கள். அந்தப் பேச்சு சந்து முழுக்கப் பரவுகிறது. மேல் மருத்துவமனையிலிருந்து கண்டிப்பு வந்ததும் நர்ஸ் பயந்துபோய் எதையுமே பாசிடிவ் என்று எழுதுவதில்லை. முதல் மாதத்தைவிட இதுதான் ஆபத்து.

முகாமுக்கு ஓர் இடம் உண்டு: விழிப்புணர்வுக்கு. 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஏன் என்று தாய்மாரிடம் பேச ஆட்களைத் தயார்செய்ய இரண்டு நாள் போதும்.

இரண்டு வாரக் கைப்பயிற்சி

இதே கணக்கை இங்கே போட்டால்: 6 நர்ஸ்கள், 10 வேலை நாள், நாளைக்கு 15 பெண்கள். மொத்தம் 150 பெண்கள், சுமார் 15 பாசிடிவ். ஒவ்வொருவரும் 25 முறை தாமே செய்கிறார்கள். சம்மதம் கேட்டு, இருவர் இருவராகப் பார்த்தால் பாசிடிவ்களில் பாதியையாவது நேரில் காண்கிறார்கள். ஆறு பேருக்கு மேல் ஒரு குழுவில் சேர்க்கக்கூடாது என்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான், வகுப்பறையின் அளவு அல்ல.

முதல் நாள் நோயாளி யாரும் வேண்டாம். இடுப்பு மாதிரியில் ஸ்பெகுலம் வைத்துப் பழகட்டும். அதோடு படங்கள். பாசிடிவ், நெகடிவ், புற்றுநோய் சந்தேகம் என மூன்றும் கலந்த நூறு படங்களில் 85-க்குக் குறையாமல் சரியாகச் சொன்ன பிறகுதான் பரிசோதனை அறைக்குள் போக வேண்டும் என்று விதி வையுங்கள். இளகிய மனதோடு 70-க்கு விட்டுவிடாதீர்கள்.

அறையில் கற்றுத்தர வேண்டியது சிறுசிறு காரியங்கள். அவற்றில்தான் தவறும் நடக்கிறது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் ஸ்பெகுலம் திறக்கும்போது வலிக்கும். 5 சதவீதக் கரைசலுக்கு 5 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலத்தோடு 95 மி.லி. காய்ச்சி வடித்த நீர். இதை அன்றன்று கலக்கி, மாலையில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கலக்காத கிளேசியல் சீசா பரிசோதனை அறைக்குள்ளேயே இருக்கக்கூடாது: அவசரத்தில் அதைத் தொட்டு வைத்தால் தசை வெந்துவிடும். கருப்பைவாயில் கட்டியிருக்கும் சளியை முதலில் பஞ்சால் துடைக்க வேண்டும். அதன்பின் நன்றாக நனைந்த பஞ்சை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம். மனசுக்குள் எண்ணினால் அறுபது என்பது இருபத்தைந்து விநாடியில் முடிந்துவிடுகிறது. மங்கலாகத் தெரிந்த திட்டு நெகடிவ் ஆகிவிடுகிறது. ஆகவே சுவர்க் கடிகாரம் கட்டாயம். விளக்கு பளிச்சென்ற வெள்ளை ஒளி தர வேண்டும். மஞ்சள் பல்பில் வெண்மை தெரியாது.

பார்க்க வேண்டியது முதலில் இருவகைத் திசுவும் சந்திக்கும் கோடு. அந்தக் கோட்டைத் தொட்டபடி, விளிம்பு தெளிவாக, அடர்த்தியான வெள்ளைத் திட்டு இருந்தால் பாசிடிவ். கோட்டைவிட்டுத் தள்ளி, தீவு தீவாகத் தெரியும் வெளிர்மை, நீர்க்கட்டிகளின் புள்ளி வெண்மை, சீழ்ச்சளியோடு பரவலான மங்கல் எல்லாம் பாசிடிவ் அல்ல. தொட்டாலே ரத்தம் கசியும் வளர்ச்சியோ புண்ணோ இருந்தால் அமிலம், நிமிடம் எதுவும் வேண்டாம். அன்றே மேல் மருத்துவமனை. ஐம்பதைத் தாண்டிய, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அந்தக் கோடு உள்ளே ஏறிவிடும். அவர்களுக்கு வி.ஐ.ஏ. செய்து ‘நெகடிவ்’ என்று எழுதுவது பொய்யான ஆறுதல். இந்த முறையின் பெரிய பலவீனம் இதுதான்.

இரண்டு வாரம் முடிந்ததும் அதே நர்ஸ்கள் தெர்மல் அப்ளேஷன், அதாவது அந்தத் திட்டைச் சூட்டால் அழிக்கும் சிகிச்சை, செய்யவும் பழகியிருக்க வேண்டும். கைக்கு அடக்கமான, பேட்டரியில் ஓடும் கருவி. முனை 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகி 20 முதல் 30 விநாடி திசுவின்மேல் படிகிறது. கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் தேவைப்படும், உறையவைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சையைவிட இது தாராவிச் சந்துகளுக்குப் பொருந்தும். யாருக்குச் செய்யலாம் என்பதில்தான் பயிற்சியின் பாதி நேரம் போக வேண்டும்: கோடு முழுதும் தெரிய வேண்டும், திட்டு கருப்பைவாயின் உட்கால்வாய்க்குள் நுழையக்கூடாது, கருப்பைவாயின் முக்கால் பாகத்துக்கு மேல் பரவியிருக்கக்கூடாது, புற்றுநோய்ச் சந்தேகம் துளியும் இருக்கக்கூடாது. புற்றுநோயையே மேலோட்டமாகச் சுட்டு மூடிவிடுவதுதான் இந்தச் சிகிச்சையில் நடக்கக்கூடிய மிகக் கொடிய பிழை. கருவியைப் பிடிக்கும் கையைப் பழக்க, பி.வி.சி. குழாயின் முனையில் இறைச்சித் துண்டு பொருத்திப் பயிற்சி தருவது மலிவானது, நன்றாகவே உதவுகிறது.

இந்த இரண்டு வார முறையின் குறை, அதன் பிறகு வரும் தனிமை. நர்ஸ் தன் இடத்துக்குத் திரும்பியதும் ‘இது சரியா’ என்று கேட்க ஆளில்லை. ஒப்பந்த நர்ஸ் வேலை மாறினால் எல்லாம் அவரோடு போய்விடுகிறது.

இணையப் பாடம், சில நாள் கைப்பயிற்சி, தொடர் வழிகாட்டல்

மூன்றாம் வழி அந்தத் தனிமையைச் சரிசெய்யத்தான் வந்தது. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் 2003-ல் கல்லீரல் நோய்க்காகத் தொடங்கிய ‘எக்கோ’ முறையில், நிபுணர்கள் ஒரு முனையிலும் சிற்றூர் மருத்துவப் பணியாளர்கள் மறுமுனையிலும் திரையில் கூடி, நோயாளிகளின் விவரத்தை வைத்துப் பேசுவார்கள். நொய்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி நிறுவனம் புற்றுநோய்ப் பரிசோதனைப் பயிற்சிக்கு இதே வழியைப் பயன்படுத்துகிறது. ஜாம்பியாவில் 2006 முதல் நர்ஸ்கள் நடத்திய திட்டத்தில் கருப்பைவாயைக் கேமராவில் படம் எடுத்து மருத்துவர்களோடு சேர்ந்து பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். டாக்டர்கள் மிகக் குறைவான நாட்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்க்க அது வழிசெய்தது.

இந்த முறையில் வாரம் ஒரு மணி நேரம் போதும், ஆனால் அந்த மணி நேரம் எதற்குப் போகிறது என்பது முக்கியம். நிபுணர் ஸ்லைடு காட்டிப் பேசினால் அது இன்னொரு வகுப்பு. நர்ஸ்கள் அந்த வாரம் எடுத்த படங்களைக் காட்டி, முதலில் தாங்கள் என்ன எழுதினோம் என்று சொல்லி, பிறகு நிபுணர் தன் கருத்தைச் சொன்னால்தான் கண் தேறும். படத்துக்கு அந்தப் பெண்ணின் தனிச் சம்மதம் வேண்டும். பெயர், முகம் எதுவும் வரக்கூடாது. திட்டத்துக்கென வைத்த போனில்தான் எடுக்க வேண்டும். சொந்த வாட்ஸப்பில் ஒரு படம்கூட இருக்கக்கூடாது. இதில் ஒரு முறை நம்பிக்கை போனால் அந்தச் சந்தில் அடுத்த ஐந்தாண்டுக்கு ஒரு பெண்ணும் வரமாட்டார்.

மாதாமாதம் ஒவ்வொரு நர்ஸின் பாசிடிவ் சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பகுதி, ஒரே வயது, ஒருவருக்கு 2, இன்னொருவருக்கு 25 என்றால் இருவருடனும் அடுத்த வாரமே மூத்த நர்ஸ் ஒருவர் உட்கார வேண்டும். இந்த ஒரு பழக்கம் ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் மறுபயிற்சியைவிட மேல். கைப்பயிற்சி நாட்களை மட்டும் வெட்டாதீர்கள். ஸ்பெகுலம் வைக்க இணையத்தில் கற்றுக்கொள்ள முடியாது. இணையப் பாடத்தைக் காட்டி பத்து நாளை மூன்றாக்கினால், மீதியை நர்ஸின் சொந்த இடத்திலேயே மூத்தவர் கூட நின்று ஈடுகட்ட வேண்டும்.

தானே எடுக்கும் மாதிரி

இப்போது நான்காம் வழி. 1,000 பெண்களுக்கு வி.ஐ.ஏ. என்றால் 1,000 பேரையும் நர்ஸ்தான் பார்க்க வேண்டும். நாளைக்கு 20 பேர் என்றாலும் 50 நாள். எச்.பி.வி. பரிசோதனையில் 1,000 பேரும் தாங்களே மாதிரி எடுத்துத் தருகிறார்கள். உஸ்மானாபாத்தில் வந்ததுபோல 10 சதவீதம் பாசிடிவ் என்றால் நர்ஸ் பார்க்க வேண்டியது 100 பேரை. ஒரு வாரத்து வேலை. மற்ற 900 பேருக்கு ஐந்து ஆண்டுக்குக் குறையாத நிம்மதி. ஐம்பதைத் தாண்டிய பெரியம்மாக்களுக்கும் இது பலிக்கும். ஆகவே நர்ஸ் பயிற்சிக்கான பணத்தை இருபது பேருக்குப் பிரிக்காமல் இரண்டு மூன்று பேருக்கு முழுதாகக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல் முதல் பரிசோதனையாகச் சொல்வதும் இதையே: பொதுவாக 30 வயதிலிருந்து, எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25-லிருந்து.

ஆரோக்கிய சேவிகாவுக்குக் கற்றுத்தர மூன்று நாள் போதும். தூரிகையை எடுப்பது, தடை தட்டும்வரை உள்ளே விடுவது, அந்தந்தக் கிட்டில் சொல்லியிருக்கும் அளவுக்குச் சுழற்றுவது, குழாயில் போட்டு மூடுவது எல்லாம் ஒரு மணி நேரப் பாடம். மாதவிலக்கு நாளிலும் கர்ப்பகாலத்திலும் வேண்டாம் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிழை வருவது வேறு இரண்டு இடத்தில். முதலாவது லேபிள்: பெண் கையில் குழாயைக் கொடுப்பதற்கு முன்பே பெயரும் எண்ணும் ஒட்டியிருக்க வேண்டும். திரும்ப வாங்கிய பின் ஒட்டினால், ஒரே நேரத்தில் நான்கு பேர் வரும்போது மாறிப்போகும். ஒரே சந்தில் இரண்டு செல்விகள், மூன்று முத்துலட்சுமிகள் இருப்பார்கள்.

இரண்டாவது, முடிவைச் சொல்லும் பேச்சு. இதற்குத்தான் மூன்று நாளில் ஒன்றரை நாள் ஒதுக்க வேண்டும், நடித்துக்காட்டிப் பழக வேண்டும். ‘இது புருஷன்கிட்டயிருந்து வந்ததா? அவருக்கு வேற தொடர்பு இருக்கா?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். சேவிகா திணறினால் ஒரு குடும்பம் உடையும். சொல்ல வேண்டியது: ‘அக்கா, இந்தக் கிருமி கல்யாணமான பொம்பளைங்க பெரும்பாலானவங்களுக்கு என்னைக்காவது ஒரு நாள் வந்து போகுறதுதான். எப்போ வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, பல வருஷம் முன்னாடியும் இருக்கலாம். இது புத்துநோய் இல்ல. புத்துநோய் வராம இருக்கத்தான் நர்ஸம்மா ஒரு தடவ பாக்கணும்.’ ஆங்கிலக் கையேட்டையோ மராத்திக் கையேட்டையோ வைத்துப் பயிற்சி கொடுத்துவிட்டு இந்தப் பேச்சைத் தமிழில் பழக்காமல் விட்டால், சேவிகா வீட்டு வாசலில் சொந்தமாக ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்.

‘வீட்டிலேயே எடுக்கலாம்’ என்பது மற்ற இடங்களுக்குச் சரி. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் தனிமை கிடையாது. பொதுக் கழிப்பறையில் எடுக்கச் சொல்ல முடியாது. பாலவாடியிலோ சங்க அறையிலோ திரையிட்ட ஒரு மூலை, தாழ்ப்பாள், கைகழுவத் தண்ணீர், இவ்வளவும் ஏற்பாடு செய்யுங்கள். நேரம் மதியம் இரண்டு முதல் நான்கு. இட்லி அவித்து அனுப்பும் வீடுகளிலும், பப்படம் இடும் வீடுகளிலும் காலைப் பொழுதில் ஒருவருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது.

இயந்திரக் கணக்கையும் போட்டுவிட வேண்டும். காசநோய்க்காக வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் போன்ற கருவியில் எச்.பி.வி. ஒரு ஓட்டத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம். நான்கு அறை கொண்ட கருவி என்றால் மாதிரி ஏற்றும் நேரமும் சேர்த்து நாளைக்கு 24 மாதிரிதான். முகாம் போட்டு ஒரே நாளில் 200 மாதிரி சேர்த்தால் முடிவு வர ஒன்பது வேலை நாள் ஆகும், அதுவும் காசநோய் மாதிரிகளுக்கு வழிவிடாமல் இருந்தால். வாரத்துக்கு 50 மாதிரி எடுப்பதே முறை.

பாசிடிவ் வந்த 100 பேரையும் நர்ஸ் வி.ஐ.ஏ. செய்து பார்க்கிறார், தகுதியுள்ளவர்களுக்கு அன்றே தெர்மல் அப்ளேஷன், 12 மாதத்தில் மறுபரிசோதனை. வெள்ளைத் திட்டு இல்லாதவர்களுக்கு 24 மாதத்தில் மீண்டும் எச்.பி.வி. கோடு தெரியாதவர்களும் சந்தேகத்துக்குரியவர்களும், கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்கு. இப்படி ஒதுக்கிவிட்டால் நர்ஸ் கையில் வரும் பெண்களில் நோய்க்கு வாய்ப்புள்ளவர்கள் அடர்த்தியாக இருப்பார்கள். அவர் கண்ணும் சீக்கிரம் தேறும். இது நான்காம் வழியின் ஒரு கூடுதல் லாபம், பலர் கணக்கில் எடுப்பதில்லை.

தேர்வு

பரிசோதனைக்கூடம் ஒன்று வாரம் 50 மாதிரிக்கு எழுத்தில் ஒப்புக்கொண்டால் நான்காம் வழி: 15 சேவிகாக்களுக்கு மூன்று நாள், 3 நர்ஸ்களுக்கு இரண்டு வாரம், பிறகு ஓராண்டு வாராந்தர வழிகாட்டல். மூன்று பேர் என்பது, ஒருவர் வேலை மாறினாலும் இரண்டு பேர் மிச்சம் என்ற கணக்கில். ஒப்புதல் கிடைக்காவிட்டால் மூன்றாம் வழியில் 6 நர்ஸ்கள், வயது 30 முதல் 50 வரை மட்டும்.

எந்த வழியானாலும் பயிற்சித் தேதி அச்சிடும் முன் முடிக்க வேண்டியது சிகிச்சைக் கதவு. சயான் மருத்துவமனையோ பரேலில் டாடாவோ வேறெந்த மருத்துவமனையோ, வாரத்தில் எந்தக் கிழமை, எந்த அறை, கால்போஸ்கோபிக்கு எத்தனை பேரை எடுப்பார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டு அனுப்ப இடமில்லாத திட்டத்தைத் தொடங்கக்கூடாது.

பதிவேட்டில் மும்பை முகவரிக்குப் பக்கத்தில் ஊர் முகவரிக்கும் ஒரு கட்டம் போடுங்கள், திருநெல்வேலியானாலும் விழுப்புரமானாலும். அந்தப் பெண்ணின் எண்ணோடு, அவர் நம்பும் ஓர் அக்காவின் எண்ணும் வேண்டும். புருஷனின் போனுக்கு முடிவைச் சொல்லலாமா என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஏப்ரலில் மாதிரி எடுத்தால் முடிவு வரும்போது பள்ளி விடுமுறைக்கும் கோயில் கொடைக்கும் அவர்கள் ஊரில் இருப்பார்கள். ஜூலையில் எடுத்தால் மழைத் தண்ணீர் சந்தில் நிற்கும். பயிற்சியை ஆகஸ்டில் முடித்து, முதல் மாதிரியை செப்டம்பரில் எடுத்தால் விடுமுறைக்கு முன் ஏழு மாதம் கிடைக்கிறது. வாரம் 50 வீதம், தீபாவளியும் பொங்கலும் போக, ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பார்த்து, பாசிடிவ் வந்தவர்களுக்கு அவர்கள் ரயில் ஏறுவதற்குள் சிகிச்சையும் முடித்துவிடலாம்.